புத்திர சோகத்தில் கண்ட நம்பிக்கை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் புலவர்கள், கற்றறிந்தவர்கள். நானோ மெட்ரிகுலேஷன் வரை பயின்று, இக்கரக்பூரில் இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தனாகக் காலந்தள்ளி வருபவன். "சமயம் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தபோது, தத்துவம் பேசும் தகுதி எனக்கில்லை என்று மறுத்தேன். "தத்துவம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்" என்றார் அவர்.

நடந்தது யாதென இங்குள்ளோர் பலரும் அறிவீர்கள். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எங்கள் இளைய மகனை இழந்தோம். அவனுக்கு வயது ஆறு. நான்கு நாள் காய்ச்சல். அது மூளையைத் தாக்கிற்று. ஐந்தாம் நாள் விடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அதனை விரித்துரைக்க நான் நிற்கவில்லை. என் மனைவியின் இசைவு பெற்று, அதற்குப் பின் நிகழ்ந்தவற்றை மட்டும் கூறுகின்றேன்.

பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றுப் பாட்டை நம் சங்கக் கூட்டங்களில் பன்முறை கேட்டிருக்கின்றோம். உண்ணும் சோற்றில் கையிட்டு மேலெல்லாம் இறைத்துக்கொள்ளும் மழலையைப் பெறாதவர்க்கு வாழ்வில் பயனில்லை என்பது அதன் கருத்து. பிள்ளை பிறவாத வீட்டின் வெறுமை அது. பிள்ளை இருந்து, பின் இல்லாமற்போன வீட்டின் வெறுமை வேறு. அங்கே தட்டு இருக்கும்; சிறு செருப்பு இருக்கும்; பள்ளிக்கூடப் பையில் பல்லாற் கடித்த பென்சில் இருக்கும். அவற்றை என்ன செய்வது என்று எந்த நூலும் சொல்லவில்லை.

ஆறுதல் கூற வந்தவர் பலர். தோட்டக்காரன் தான் விரும்பிய மலரைத் தானே பறித்துக்கொண்டான் என்று சிலர் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆயினும் அவ்வாறுதல் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பறித்து மகிழும் தோட்டக்காரனை நான் வேதாகமத்தில் கண்டதில்லை. லாசருவின் கல்லறையை நாடிச் சென்ற இயேசுநாதர் கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதிய நற்செய்தி கூறுகின்றது. சற்று நேரத்தில் இறந்தவனை எழுப்பப் போகின்றவர் அவர், அதனை அறிந்தவர், அறிந்தும் அழுதார். நாயீன் என்னும் ஊரின் வாயிலில் ஒரு விதவையின் ஒரே மகனைப் பாடையில் சுமந்து வருகையில், அவளைக் கண்டு மனமுருகிப் பாடையைத் தொட்டார். மரணத்தைக் கண்டு மகிழ்ந்தவராக ஓரிடத்திலும் அவரை நான் காணேன்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். யவீருவின் மகளை இயேசுநாதர் கைப்பிடித்து எழுப்பிய பகுதியை நெடுநாள் என்னால் வாசிக்க இயலவில்லை. அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குக் கிடைத்தது என் மகனுக்கு ஏன் கிட்டவில்லை? இவ்வினாவுக்கு விடை எனக்கு இன்றளவும் தெரியாது.

இந்நிலையில், வீட்டில் நான் ஒரு தவறு செய்தேன். என் மனைவி ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். உணவும் சரியாக உண்பதில்லை. அவளைத் திருத்துவது என் கடமை என்று கருதினேன். சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் தாவீது அரசனின் குழந்தை நோயுற்று இறந்த வரலாறு வருகின்றது. பிள்ளை உயிரோடிருக்கும்வரை அரசன் உபவாசமிருந்து தரையிற் கிடந்து அழுதான். இறந்த செய்தி கேட்டதும் எழுந்து, நீராடி, இறைவனைத் தொழுது, உணவருந்தினான். இதனை நான் அவளுக்கு வாசித்துக் காட்டி, "இவ்வாறல்லவா விசுவாசிகள் இருக்க வேண்டும்?" என்றேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "தாவீது ராஜா எழுந்து சாப்பிட்டார், சரி. பத்சேபாள் சாப்பிட்டாளா? அதை எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்றாள்.

எழுதியிருக்கவில்லை. அரசன் தன் மனைவிக்கு ஆறுதல் கூறினான் என்பது மட்டும் அதே அதிகாரத்தில் உண்டு. எத்தனையோ முறை வாசித்தும் அவ்வசனத்தில் என் கண் நின்றதில்லை.

அடுத்த ஆண்டு விடுமுறையில், பாஸ் எடுத்துக்கொண்டு, ஹௌரா வழியாக இருவரும் செராம்பூருக்குச் சென்றோம். அவளுக்கு இடமாற்றமாக இருக்கட்டும் என்பதே என் எண்ணம். நம் தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் ஒருகாலத்தில் டேனிஷ்காரர் ஆட்சியில் இருந்த ஊர். வில்லியம் கேரி 1800இல் அங்கே வந்து தங்கி, அச்சகம் நிறுவி, வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை 1801இல் வெளியிட்டார். அவர் கல்லறையும் அங்கேயே உள்ளது. அங்கு வாங்கிய வரலாற்று நூலொன்றைத் திரும்பும் இரயிலில் வாசித்தேன். கேரியின் புகழை ஞாயிறு பள்ளி நாள் முதல் அறிவேன். அவருடைய மகன் பீட்டரைப் பற்றி அன்றுதான் அறிந்தேன்.

செராம்பூருக்கு வருமுன் கேரி, மால்டாப் பகுதியில் மட்னாபதி என்னும் சிற்றூரில் ஓர் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்த்து வந்தார். அங்கே 1794இல் ஐந்து வயதுச் சிறுவன் பீட்டர் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தான். தந்தையும் அப்போது காய்ச்சலில் மெலிந்திருந்தார். சாதி கெட்டுவிடும் என்ற அச்சத்தால் அவருக்குக் கீழ் வேலை செய்த தச்சர்களே சவப்பெட்டி செய்ய இசையவில்லை. குழி தோண்டவும் எவரும் முன்வரவில்லை. அரும்பாடுபட்டு வேண்டியபின் இசுலாமியர் நால்வர் தோண்ட இசைந்தனர். சுமக்க ஆள் தேடிப் பல கல் தொலைவுக்கு ஆளனுப்பியும் பயனில்லை. பெற்றோரே சுமப்பதென்று துணிந்த வேளையில், துப்புரவுப் பணியாளர் ஒருவரும் சாதியிழந்த சிறுவன் ஒருவனும் சுமக்க முன்வந்தார்கள். குழி தோண்டிய நால்வரையும் ஊர்த்தலைவன் விலக்கி வைத்தான். கேரி தலையிட வேண்டியதாயிற்று.

கேரி மீண்டும் மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். அவர் மனைவி டாரத்தி அம்மையாரோ மனம் பேதலித்து, அந்நிலையிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்து, 1807இல் இறந்தார். விருப்பமின்றி இந்நாட்டுக்குப் புறப்பட்டு வந்தவர் அவர். முன்பே பெண் மகவுகள் இருவரை இங்கிலாந்தில் இழந்தவர். ஒரே வீடு, ஒரே இழப்பு, ஒருவர் நின்றார், ஒருவர் முறிந்தார். பழைய வரலாற்றாசிரியர் சிலர் கேரியைப் போற்றிய அளவுக்கு அவ்வம்மையாரிடம் இரக்கம் காட்டவில்லை. முறிந்தவர்க்கு விசுவாசம் குறைவு என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? நூலை மூடிவிட்டு, எதிரே சன்னலோரம் உறங்கிக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தேன். தாவீதைக் காட்டி அவளைக் கடிந்தது நினைவுக்கு வந்தது, நாணமாக இருந்தது.

உடனே எங்கள் மகனை அடக்கம் செய்த நாளும் நினைவுக்கு வந்தது. உடலை ஊருக்குக் கொண்டு போகலாம் என்று அன்று சிலர் யோசனை கூறினர். திருநெல்வேலிச் சீமை எங்கே, கரக்பூர் எங்கே! எத்தனையோ சவப்பெட்டிகளுக்குப் பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதியிருக்கின்றேன். என் மகனுக்கு மட்டும் எழுத மாட்டேன் என்றேன். இங்கேயே அடக்கம் செய்வதென முடிவாயிற்று. பெட்டியை நம் சங்கத்தார் மூவரும், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி இளைஞர் ஒருவரும் சுமந்தார்கள். சங்கத்தார் மூவரில் ஒருவர் கும்பகோணத்தார், ஒருவர் கடையநல்லூர் இசுலாமிய அன்பர், ஒருவர் வேலூர்க்காரர். ஆறு வயதுப் பிள்ளைக்கு இருவர் போதும். நால்வர் தோள் கொடுத்தார்கள். அவர்களுள் இருவர் இந்த அவையில் இப்போதும் அமர்ந்திருக்கின்றார்கள். அன்று நன்றி சொல்ல நாவெழவில்லை, இன்று சொல்கின்றேன்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்து, கூட்டத்தினூடே புக வழியின்றிக் கூரையைப் பிரித்து இயேசுநாதர் முன் இறக்கினார்கள் என்று மாற்கு எழுதுகின்றார். அங்கே இயேசுநாதர் நோக்கியது கட்டிலிற் கிடந்தவனின் விசுவாசத்தை மட்டுமன்று. சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை! நடக்க இயலாதவனுக்காகப் பிறர் நம்பலாம் போலும். இதனை அறிந்த பின் என் மனைவியை ஆலயத்துக்கு அழைப்பதை விட்டுவிட்டேன். மாலைதோறும் கூடத்தில் அமர்ந்து நானே வேதம் வாசித்து, அவளுக்காகவும் சேர்த்து ஜெபித்தேன். அடுக்களையிலிருந்து கேட்டாளோ, இல்லையோ, அறியேன். அண்டை வீட்டுத் தாய்மார்கள் நாள்தோறும் வந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு அவளருகில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் வேதம் வாசித்தவர்கள் அல்லர். ஆயினும் கட்டிலின் ஒரு காலை அவர்களும் பிடித்திருந்தார்கள் என்றே நான் கருதுகின்றேன்.

2015ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்ரல் 5இல் வந்தது. அன்று அதிகாலை நான் விழித்தபோது, அவள் நீராடி வெள்ளைச் சேலை உடுத்தி நின்றாள். "கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு அப்படியே கோயிலுக்குப் போகலாமா?" என்று கேட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை; சட்டையைத் தேடினேன். இருள் பிரியுமுன் மகனுடைய கல்லறையருகே மெழுகுவத்தி ஏற்றினோம். சிலுவையில் தம் மகன் மடியக் கண்ட பிதாவை அன்று நினைத்தேன். மூன்றாம் நாள் வெறுமையாய்க் கிடந்த கல்லறையையும் நினைத்தேன். எங்கள் பிள்ளை எங்களிடம் திரும்பி வரப்போவதில்லை. ஒருநாள் நாங்கள் அவனிடம் செல்வோம். தாவீது தன் பிள்ளையைக் குறித்துக் கூறியதும் இப்பொருளே. முன்னர் அவளைக் கடிய நான் எடுத்த அதே அதிகாரந்தான்! துக்கம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை. அவன் பிறந்த நாளில் இன்றும் அவள் பாயசம் வைப்பதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் தெலுங்கு பேசும் குடும்பமொன்று தன் மகளை இழந்தது. பதினொரு நாளும் என் மனைவி விடியற்காலையில் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்று வந்தாள். அவளுக்குத் தெலுங்கு தெரியாது. அத்தாய்க்குத் தமிழ் தெரியாது. "அங்கே என்ன சொன்னாய்?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரங்களைத் துலக்கி வைத்தேன். அந்த அம்மா அழும்போது பக்கத்தில் இருந்தேன்" என்றாள்.