நேர்முகப் பரீட்சைக்கு முன்



நேர்முகப் பரீட்சைக்கு அழைப்புக் கடிதம் வந்ததும் நம்மவர் முதலிலே தேடுவது புதுச் சப்பாத்தை. தேடவேண்டியதோ பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை. அதிலுள்ள பெயரும், அடையாள அட்டையிலும் க.பொ.த. பெறுபேற்றிலும் உள்ள பெயரும் எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கின்றனவா? எனக்கு ஒத்திருக்கவில்லை. தகப்பனார் பெயரிலே ஓர் எழுத்து வேறு. கேட்டவற்றுக்கெல்லாம் விடையிறுத்தும் அந்த உத்தியோகம் அடுத்தவருக்குப் போயிற்று. பிழை என்னுடையதே, முன்னரே பார்த்திருக்கவேண்டும். பிறப்புப் பதிவைத் திருத்துவது ஒருநாட் காரியமன்று. ஆகையால், விண்ணப்பிக்கு முன்பே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

விண்ணப்பத்தின் பிரதியொன்றையும் வைத்திருங்கள். பரீட்சைக்கு முதனாளிரவு வீட்டிலுள்ள மூத்தவரொருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கட்டும். பெரியோர்களே, அந்த அரைமணி நேரத்தை நீங்கள்தாம் தரவேண்டும்.