விளக்கடியில் விழும் புதிய அந்துப்பூச்சி



மாலையில் விளக்கேற்றியதும் திண்ணையில் பலவகைப் பூச்சிகள் வந்து விழுவதை யாவரும் கண்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை பயிருக்குத் தீங்கற்றவை. ஆயினும் முன் பார்த்திராத பூச்சி ஒன்று வருமாயின், அதைத் துடைப்பத்தால் தள்ளிவிடாமல் உற்று நோக்குவது குடியானவருக்கு நன்மை. மக்காச்சோளப் படைப்புழுவே இதற்குத் தக்க திருஷ்டாந்தம்.

இப்புழுவின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 2016-ல் ஆப்பிரிக்காவில் தோன்றி, 2018-ல் கர்நாடகத்தில் சிவமொக்கா ஜில்லாவில் கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் பரவி, பெரம்பலூர், அரியலூர் முதலிய ஜில்லாக்களில் மக்காச்சோளத்தைப் பாழாக்கிற்று. தாய்ப்பூச்சி ஒரே இரவில் சுமார் 100 கிலோமீட்டர் பறக்க வல்லது. ஆகையால் வரப்பும் ஊரெல்லையும் அதற்குத் தடையல்ல.

அடையாளம் காணும் முறை எளிது. விளக்கடியில் விழுந்த பூச்சியைக் கண்ணாடித் தம்ளரால் மூடி, அடியில் காகிதம் ஒன்றைச் செருகி, நிதானமாய்ப் பார்க்க வேண்டும். விரிந்த இறக்கையின் அகலம் சுமார் ஒன்றரை அங்குலம். ஆண் பூச்சியின் முன்னிறக்கை நுனியில் வெண்திட்டும், நடுவில் சாய்ந்த வெளிர்நிறக் குறியும் உண்டு. பெண் பூச்சி மங்கிய சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடையது. இரண்டிற்கும் பின்னிறக்கை வெண்மையானது. பெண் பூச்சியைப் புகையிலைப் புழுவின் அந்தென்று மயங்க இடமுண்டு. எனவே விளக்கடியில் மட்டும் முடிவு செய்யாமல், மறுநாட்காலை வயலையும் சோதிக்க வேண்டும்.

இலையில் ரோமம் போர்த்தாற்போன்ற முட்டைக் குவியலும், குருத்தில் மரத்தூள் போன்ற எச்சமும் காணப்படும். வளர்ந்த புழுவின் தலையில், கவைக்கோலைத் தலைகீழாய் வைத்தாற்போன்ற வெளிர்கோடு இருக்கும்; வாலருகே நான்கு கரும்புள்ளிகள் சதுரமாய் அமைந்திருக்கும். இவை இரண்டும் சேர்ந்திருந்தால் ஐயமில்லை.

ஒரு பெண் பூச்சி ஆயிரத்திற்கு மேலும் முட்டையிடக்கூடும். புழு வளர்ந்து குருத்திற்குள் புகுந்துவிட்டால் மருந்து அதை எட்டுவது அரிது. ஆதலால் முதற்பூச்சி கண்ட வாரமே காரியத்திற்கு உரிய காலம். முட்டைக் குவியல்களைக் கையால் நசுக்குதலும், கோடையில் ஆழ உழுது கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டுதலும், தட்டைப்பயறு, உளுந்து போன்றவற்றை ஊடுபயிராக இடுதலும், ஒரே சமயத்தில் விதைத்தலும் நல்ல உபாயங்கள்.

இவற்றை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. அயலார் வயலில் பெருகும் பூச்சி மறுவிரவே திரும்பி வரும். பயிர்க்கடன் பெற்றவரின் கதிர் விளையாவிடில் தவணை நிற்கும். தவணை பல நின்றால் சங்கமும் தளரும். ஆகையால் புதிய பூச்சியைக் கண்ட அங்கத்தினர் அன்றே சங்கத்திற்கும் வேளாண்மை அலுவலகத்திற்கும் தெரிவிப்பது, தம் வயலோடு ஊரார் வயலையும் காப்பதாகும்.