கூலி பேசும் மேசைக்கு விலைவாசிக் கணக்கோடு போங்கள்

பாகூர்ப் பக்கத்துக் கழனிகளிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, சேதராப்பட்டிலும் கிருமாம்பாக்கத்திலும் ஷிப்ட் முடித்துச் சாப்பிடக்கூடப் போகாமல் நேரே வில்லியனூருக்கு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தோழர்களே!

இது ஜூலை 30-ஐ நினைக்கும் கூட்டம். 1936-ஆம் ஆண்டு அந்த நாளில் புதுச்சேரி சவானா மில் வாசலில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்கு 12 தொழிலாளர்கள் பலியானார்கள். தோழர் வ. சுப்பையா வழிநடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக, அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. இது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. அதைத் திரும்பச் சொல்லிக் கைதட்டல் வாங்க நான் வரவில்லை. அந்த வெற்றிக்கும் இன்று நாம் கேட்கிற கூலிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

எட்டு மணி நேரம் என்பது 1937-இல் எட்டுதான். இன்றைக்கும் எட்டுதான். ஒருமுறை வென்றுவிட்டால் கடிகாரம் அதைக் கரைக்காது. கூலி அப்படியில்லை. இன்றைக்குப் போராடி வாங்கிய கூலியை யாரும் தொடாமலே, முதலாளி ஒரு பைசா பிடிக்காமலே, அடுத்த ஆண்டு அது குறைந்திருக்கும். மளிகைக் கடைக்காரர் சீட்டில் அது தெரியும். சம்பளச் சீட்டில் தெரியாது. நாம் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். என் மனத்தை அரிக்கும் கவலை இதுதான்.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு தம்பியின் சம்பளம் 12,000 ரூபாய். மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் 1,500 கூடி 13,500 ஆகும் என்று எழுதுகிறார்கள். சங்கத்தில் இனிப்பு கொடுக்கிறார்கள். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால், இன்றைக்கு 12,000 ரூபாய்க்கு வாங்குகிற அதே சாமானை மூன்று ஆண்டு கழித்து வாங்க 13,891 ரூபாய் வேண்டும். நாம் வாங்கியது 13,500. அதாவது 391 ரூபாய் சம்பளக் குறைப்புக்கு நாமே இனிப்பு கொடுத்திருக்கிறோம். கூலி உயர்வு வேறு, விலை தின்றதை ஈடுகட்டுவது வேறு. இந்த இரண்டையும் ஒரே தொகையாகச் சேர்த்து எழுத விட்டால், உயர்வு என்ற பெயரில் ஈட்டைக்கூட முழுதாகத் தராமல் அனுப்பிவிடுவார்கள்.

விலை ஏறுவது தற்செயல் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2016 முதல் ரிசர்வ் வங்கிக்கு நாடாளுமன்றச் சட்டப்படி ஓர் இலக்கு இருக்கிறது: சில்லறை விலைவாசி ஆண்டுக்கு 4 விழுக்காடு, மேலே இரண்டு கீழே இரண்டு போகலாம். அந்த இலக்கைத் தவறாமல் எட்டிப்பிடித்தாலும் ஐந்து ஆண்டில் 100 ரூபாய்ச் சாமான் 121 ரூபாயைத் தாண்டிவிடும். குறைந்தபட்சக் கூலியை ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் திருத்தலாம் என்று பழைய 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் சொன்னது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. விலை ஏறுவது ஆண்டுதோறும். கூலித் திருத்தம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. இடைப்பட்ட காலத்து நட்டம் யார் தலையில் விழுகிறது? அந்த இடைவெளியை அடைக்கத்தான் விலையோடு சேர்ந்து ஏறும் பஞ்சப்படி இருக்கிறது.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணம் போடும் சோதனை புதுச்சேரியிலும் தொடங்கியது. பிறகு இலவச அரிசிக்கும் பணம் என்றானது. சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு 300 ரூபாய். கிலோ 30 ரூபாய்க் கணக்கு. வில்லியனூர்ச் சந்தையாகட்டும், வேறெந்தக் கடையாகட்டும், கிலோ 50 ரூபாய் என்றால் அந்த 600 ரூபாய்க்கு வருவது 12 கிலோ. மீதி 8 கிலோவை எந்த அரசாணையும் வெட்டவில்லை. கணக்கில் போட்ட தொகை குறையவே இல்லை. ஆனால் குண்டானில் அரிசி குறைந்தது. கடைசியில் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, ரேஷன் கடைகளைத் திறந்து அரிசியாகவே கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டு நின்றவர்கள் நம் பெண்கள். விலையோடு சேர்ந்து நகராத பணம் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

நம் தாத்தாக்கள் காலத்தில் அறுப்புக் கூலி நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. அந்த முறையில் இருந்த அடிமைத்தனத்தை நான் மறக்கவில்லை; மரக்காலில் நடந்த மோசடியையும் மறக்கவில்லை. ஆனாலும் நெல் விலை ஏறினால் நெல்லாக வாங்கியவனின் கூலியும் கூடவே ஏறியது. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதன் பின்னால் இருந்தது கூலிப் பிரச்சினை. அதற்கு மறு ஆண்டு தமிழ்நாட்டில் வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், கூலியை லிட்டர் கணக்கில் நெல்லாகவே நிர்ணயித்தது. ரூபாய்க்கு மாறியபோது வசதி வந்தது, சுதந்திரம் வந்தது. விலை ஏற்றத்தின் சுமையும் அதோடு சேர்ந்து தொழிலாளி தோளுக்கு மாறியது. அந்த மாற்றத்தின்போது கூலியோடு பஞ்சப்படியையும் சேர்த்துக் கேட்கக் கழனியில் சங்கம் வலுவாக இல்லை.

மில்லில் சங்கம் இருந்தது. மில் தொழிலாளியின் சீட்டில் அடிப்படைக் கூலி ஒரு வரி, பஞ்சப்படி ஒரு வரி என்று தனித்தனியாக நின்றது. நாம் ரோடியர் மில் என்று அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. மில் போனதோடு அந்த இரண்டாவது வரியும் நம் ஊர்களிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. இன்று கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சீட்டை வாங்கிப் பாருங்கள். மொத்தமாக ஒரே தொகை. அதில் பஞ்சப்படி எவ்வளவு, எந்தத் தேதி விலைக் குறியீட்டின்படி என்று கேட்டால் சூப்பர்வைசருக்கே தெரியாது.

அரசு ஊழியர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஏழாவது ஊதியக் குழுவின் அடிப்படையில் ஜனவரிக்கு ஒருமுறை, ஜூலைக்கு ஒருமுறை குறியீட்டைப் பார்த்து அகவிலைப்படி, அதாவது பஞ்சப்படி, ஏறுகிறது. 2025 ஜூலைக் கணக்கில் அது 58 விழுக்காடு. அவர்கள் போராடிப் பெற்றது, அவர்களுக்கு உரியது. அதைப் பார்த்து நாம் வயிறெரியக் கூடாது. அதே சந்தையில், அதே விலைக்கு வாங்குகிறவர்களுக்கு நாட்டில் இரண்டு சட்டம் ஏன் என்பதுதான் என் கேள்வி.

நூறு நாள் வேலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக்கு அறிவிக்கும் அதே கூலிதான் நமக்கும். 2016-17-இல் நாளுக்கு 203 ரூபாய். அடுத்த ஆண்டு எவ்வளவு ஏற்றினார்கள் தெரியுமா? இரண்டு ரூபாய். 205. 2021-22-இல் 273 ரூபாய். அடுத்த ஆண்டு 281. எட்டு ரூபாய் உயர்வு, மூன்று விழுக்காடுகூட இல்லை. அதே 2022-23-இல் நாட்டின் சில்லறை விலைவாசி சராசரியாக 6.7 விழுக்காடு ஏறியது. அதை மட்டும் ஈடுகட்டவே 291 ரூபாய் வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் நன்றாகவும் ஏறியிருக்கிறது. 2024-25-இல் 294-லிருந்து 319 ஆனது, அடுத்த ஆண்டு 336 ஆனது. அதையும் சொல்வதுதான் நேர்மை. ஆனால் ஏற்றம் கணக்கிடப்படுவது கழிந்த காலத்துக் குறியீட்டை வைத்து. விலை இன்றைக்கு எகிறுகிறது, ஈடு அடுத்த ஏப்ரலில் வருகிறது. இடையில் வாங்கிய வட்டிக் கடனுக்கு எந்தக் குறியீடும் இல்லை.

அந்தக் குறியீடுதான் என்ன? விவசாயத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு. 1986-87-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தத் தொடர் 2025 வரை ஓடியது. 20 மாநிலங்களின் 600 கிராமங்களில் விலை எடுத்தார்கள். அந்த இருபதில் புதுச்சேரி இல்லை. குடும்பச் செலவில் 69 விழுக்காடு சாப்பாட்டுச் செலவு என்று வைத்திருந்தார்கள். வீட்டு வாடகை என்ற தலைப்பே அதில் கிடையாது. கிராமத்தான் வாடகை கொடுக்கமாட்டான் என்ற நினைப்பு. வில்லியனூரைச் சுற்றி வரிசை வீட்டில் ஒரு அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போகிற குடும்பங்களைப் பார்த்தவர்கள் அப்படி எழுதியிருக்க முடியாது. 2025 ஜூலையில் 2019-ஐ அடிப்படையாகக் கொண்ட புதுத் தொடர் வந்திருக்கிறது. 34 மாநிலங்களும் ஒன்றியப் பிரதேசங்களும், 787 கிராமங்களும் அதில் இருக்கின்றன. வரவேற்கிறேன். அதே சமயம், 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று புதுச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. நாளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். கூலி ஆண்டுதோறும் எந்தக் குறியீட்டின்படி ஏறும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

ஆலைத் தம்பிகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டில் புதுச்சேரி ஒரு தனி மையம். மத்திய தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் எண்ணை வெளியிடுகிறது. காசு கொடுக்காமலே பார்க்கலாம். 2020 செப்டம்பரில் அதன் அடிப்படை ஆண்டை 2001-லிருந்து 2016-க்கு மாற்றினார்கள். பழைய கணக்கில் 340-ஐ ஒட்டி இருந்த அகில இந்திய எண், புதுக் கணக்கில் 118 என்று வந்தது. விலை இறங்கவில்லை, அளவுகோல் மாறியது. பழைய எண்ணைப் பெற 2.88 என்ற இணைப்புக் காரணியால் பெருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று இருந்து, புள்ளி எந்த அடிப்படை ஆண்டுக்கு என்று எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? புதுப் புள்ளி ஒன்று ஏறுவது பழைய புள்ளி மூன்று ஏறுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். பழைய ரேட்டையே புதுப் புள்ளிக்கும் கொடுத்தால், வர வேண்டிய மூன்று ரூபாயில் கைக்கு வருவது ஒன்றுதான். ஒரே ஒரு சொல் விடுபட்டதால் வரும் நட்டம் இது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் என்ன சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். "பணவீக்கம் குறைந்துவிட்டதே, 2025 அக்டோபரில் கால் விழுக்காடுதானே, இன்னும் எதற்குக் கேட்கிறீர்கள்?" என்பார்கள். கால் விழுக்காடு உண்மைதான். ஆனால் பாகூர் ஏரிக்கு வரத்து குறைந்தால் ஏரியின் மட்டம் இறங்கிவிட்டது என்று யாராவது சொல்வோமா? ஏறிய மட்டம் அப்படியேதான் நிற்கிறது. முந்தைய ஆண்டுகளில் ஏறிய விலையும் அப்படியேதான் நிற்கிறது. அதற்கான ஈடு வந்து சேராதவர்களுக்கு அந்தக் கால் விழுக்காடு பதிலாகாது.

"கூலி ஏற்றினால் விலை ஏறும்" என்பது அடுத்த வாதம். 2024 செப்டம்பரில் இறக்குமதிச் சமையல் எண்ணெய்க்குச் சுங்க வரியை ஒரே நாளில் ஏற்றினார்கள். கச்சா எண்ணெய்க்கு மொத்தம் 27.5 விழுக்காடு ஆனது. கடையில் எண்ணெய் விலை ஏறியது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது; மழை கெடுத்தது. இதில் எது பாகூரில் நாற்று நட்ட அம்மாவின் கூலியால் வந்தது? விலை ஏறிய பிறகு அதைத் துரத்திக்கொண்டு ஓடுவதுதான் நம் கூலி.

சிறு விவசாயியை மட்டும் நான் இந்தக் கணக்கில் முதலாளி வரிசையில் நிறுத்தமாட்டேன். சாதாரண ரக நெல்லுக்கு ஆதரவு விலை 2024-25-இல் குவிண்டாலுக்கு 2,300 ரூபாய், 2025-26-இல் 2,369. மூன்றே விழுக்காடு ஏற்றம். உரத்துக்கும் உழவுக்கும் அறுப்பு இயந்திர வாடகைக்கும் அவர் கொடுப்பது நமக்குத் தெரியாததல்ல. இரண்டு காணி வைத்திருப்பவரும் அந்தக் காணியில் களை எடுப்பவரும் ஒரே விலைவாசியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். நடவுக்கு முன்பே ஊரில் உட்கார்ந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலியைப் பேசி, நெல் விலை ஏறினால் கூலியும் ஏறும் என்று எழுதிக்கொள்வதுதான் நியாயம். நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு அவர் போராடும்போது நாம் அவரோடு நிற்க வேண்டும்.

பெரிய ஆலையிடமும் அரசிடமும் பேசும் முறை வேறு. அங்கே தயவு கேட்க வேண்டாம், எழுத்து கேளுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்குப் போகும் ஒவ்வொரு சங்கமும், சங்கமே இல்லாத கான்ட்ராக்ட் பிள்ளைகள் ஒவ்வொருவரும், முந்தைய ஒப்பந்தம் போட்ட மாதத்தின் குறியீட்டையும் இந்த மாதத்தின் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முதலில் அந்த இடைவெளியை நிரப்பச் சொல்லுங்கள். உயர்வு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாக்கியம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்: "புதுச்சேரி மையத்தின் தொழிற்சாலைத் தொழிலாளர் விலைக் குறியீடு, அடிப்படை ஆண்டு 2016-இன்படி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சப்படி திருத்தப்படும், அடிப்படை ஆண்டு மாறினால் இணைப்புக் காரணியால் பெருக்கிக் கணக்கிடப்படும்." எழுதிக்கொள்ளுங்கள் தம்பிகளே, மெதுவாக இன்னொரு முறை வாசிக்கிறேன்.