சொந்த வளவில் நித்திரை வராதபோது
மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் உளவளத்துணையாளர் ஒருவர் ஆற்றிய உரை



வீட்டுத்திட்டம், காணி உறுதி, கிணறு துப்புரவாக்கல், வாழ்வாதார உதவி என்று காலையில் இருந்து பல விடயங்களைக் கேட்டுக் களைத்திருப்பீர்கள். நான் கதைக்கப்போவது நீங்கள் நிரப்பிய எந்தப் படிவத்திலும் கேட்கப்படாத ஒரு விடயம். உங்கள் நித்திரையைப் பற்றி.

உங்களில் பலர் 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள். நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் 25 வருடங்களுக்கு மேல் காத்திருந்தீர்கள். அண்மையில் ஊர் திரும்பிய ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "முகாமிலை இருக்கேக்கை, ஊருக்குப் போனால் நிம்மதியாய்ப் படுப்பன் எண்டு நினைச்சன். இப்ப சொந்த வளவிலை படுத்திருக்கிறன். ஒரு பனை மட்டை விழுந்தாலும் நெஞ்சு படபடக்குது. எனக்கு விசரே பிள்ளை?"

விசர் இல்லை அம்மா. ஷெல் விழுந்த காலத்தில் உங்கள் உடம்பு ஒரு பாடத்தைப் படித்தது. சத்தம் கேட்டால் யோசிக்காதே, ஓடு, பங்கருக்குள் குதி என்ற பாடம் அது. ஆபத்து என்று மூளை நினைத்த உடனே இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும். அன்று அதுதான் உங்களைக் காப்பாற்றியது. சண்டை முடிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். உடம்புக்கு அது இன்னும் தெரியாது. பழைய வீடு இருந்த இடத்தைக் கண்டதும், ஓடிய நாள் திரும்ப வருகிறது. இது பலருக்கும் வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த உடம்புக்கு "நான் இப்போது இங்கே இருக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பதுதான் கவனப் பயிற்சி. நடந்ததையோ நடக்கப்போவதையோ பிடித்துக்கொண்டு ஓடும் மனதை, இந்த நேரத்துக்கு மெதுவாகக் கூட்டிவருவது. மனதை வெறுமையாக்க வேண்டியதில்லை. மனம் ஓடத்தான் செய்யும். ஓடியதைக் கண்டு, திட்டாமல் திரும்பக் கூட்டிவந்தால் அதுவே பயிற்சி.

இப்போதே செய்து பார்ப்போம்.

முதலில், கண்களை மூட வேண்டாம். போரைக் கண்ட சிலருக்கு, கண்ணை மூடி அமைதியாக இருந்தால் பழைய காட்சிகள் கூடுதலாக வரும். அதனால் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். இரண்டு பாதங்களையும் நிலத்தில் பதியுங்கள். செருப்பைக் கழற்றினால் இன்னும் நல்லது. நிலம் குளிரா, சூடா, மணலா, சீமெந்தா என்று பாருங்கள்.

அடுத்து, உங்களைச் சுற்றி இருப்பவற்றில் ஐந்தைப் பார்த்து மனதுக்குள் பெயர் சொல்லுங்கள்: வேம்பு, வேலி, கதிரை, வாளி, பிள்ளையின் சட்டை. பிறகு கேட்கும் சத்தங்கள் மூன்று.

இனி மூச்சு. நான்கு எண்ணும்வரை உள்ளே எடுங்கள். ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். அடக்கிப் பிடிக்க வேண்டாம். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பத்து மூச்சு போதும். தலை சுற்றினாலோ, பயம் கூடினாலோ உடனே நிறுத்திவிட்டு, எழுந்து நடந்து, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

இதற்கென்று தனி நேரம் கிடைக்காது என்று நீங்கள் நினைப்பது எனக்கு விளங்குகிறது. கிணற்றில் அள்ளும்போது கயிறு கையில் உரசுவதைக் கவனியுங்கள். முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றின் சத்தத்தைக் கேளுங்கள். வலை பொத்தும் ஐயா, ஒவ்வொரு முடிச்சாகக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேலையை இப்படிச் செய்தால் போதும்.

இது எங்களுக்குப் புதிய விடயமும் இல்லை. புத்த சமயத்தில் மூச்சைக் கவனிக்கும் தியானம் உண்டு. சைவர்களுக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் உண்டு. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான இத்தகைய வழிகளையே மனதைச் சாந்தப்படுத்தும் பயிற்சிகளாகப் பயன்படுத்தலாம் என்று எடுத்துக்காட்டியவர். உங்களுக்குப் பழகிய வழி எதுவோ, அதையே நிதானமாகச் செய்யுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சை எண்ணச் சொன்னால் சிரிப்பார்கள். பூவரசம் இலையில் பீப்பி செய்து கொடுத்து, யார் கூடுதல் நேரம் ஊதுவது என்று போட்டி வையுங்கள். நீண்ட மூச்சு தானாக வரும். பிள்ளை இரவில் பயந்து எழும்பினால் ஏசாதீர்கள். கையைப் பிடித்து, "இது எங்கடை வீடு, நான் பக்கத்திலை இருக்கிறன்" என்று சொல்லுங்கள்.

இரண்டு விடயங்களை மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்று, எல்லாப் பயத்தையும் மூச்சால் தணிக்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தாத இடத்துக்குள் போகும்போது வரும் பயம் உங்களைக் காக்கும் பயம். அங்கே நில்லுங்கள், வந்த வழியே திரும்புங்கள், கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

மற்றது, மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காணாமல் போன மகனைத் தேடும் தாய்க்கு மூச்சுப் பயிற்சி பதில் ஆகாது. விடுபடாத காணிக்கும் அது பதில் ஆகாது. கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் திரும்பத் திரும்ப நடக்க உடம்பில் பலம் வேண்டும். இரவில் நித்திரை கொண்டவருக்குத்தான் அந்தப் பலம் இருக்கும்.

இந்தப் பயிற்சி எல்லோருக்கும் போதாது. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையோ சாப்பாடோ இல்லாவிட்டால், சாராயம் இல்லாமல் இரவு போகாது என்ற நிலை வந்தால், வீட்டில் கைநீட்டல் கூடினால், பிள்ளை ஒருவருடனும் கதைக்காமல் ஒதுங்கினால், உதவி தேடுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பிந்த வேண்டாம். அவரைத் தனியே விடவும் வேண்டாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.

அந்த அம்மா இப்போது படுக்கப்போக முன் திண்ணையில் இருந்து, கால் இரண்டையும் மண்ணில் வைத்து, பத்து மூச்சு எண்ணுகிறாராம். மட்டை விழுந்தால் இன்னும் திடுக்கிடுகிறார். ஆனால், "இது எங்கடை பனை" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுக்கிறாராம்.

இன்றிரவு நீங்களும் பத்து மூச்சு எண்ணிப் பாருங்கள்.