எழுபதால் பெருக்காத ஒரு மணி நேரம்

நடுவர் அவர்களே! எதிரணியில் என்னை முறைத்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

வெளிநாட்டில் படிக்கிற பிள்ளை அனுபவிப்பது சரியா, தவறா? இதுதானே தலைப்பு? எதிரணிச் சகோதரி என்ன சொன்னாங்க? "அம்மா வளையலை அடகு வைத்து அனுப்புகிறாள். பிள்ளை அங்கே டீக்கடையிலும் துணிக்கடையிலும் காசைக் கரைக்கிறான்." எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏன் தெரியுமா? அந்தப் பிள்ளையே நான்தாங்க! (சிரிப்பு)

1998. லண்டனில் ப்ளூம்ஸ்பரி பகுதியில் ஆய்வு மாணவன். டிசம்பர் மாதம் அங்கே நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும். பகல் முழுக்க நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகம் படிக்கிறேன். தமிழில் பேச ஓர் ஆள் இல்லை. மூணு நாளா ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலை. ஊருக்கே போயிடலாம்னு பெட்டியை எடுத்து வெச்சேன்.

குளிர் தாங்காமல் ஒரு சின்னக் கடைக்குள்ளே நுழைந்தேன். ஒரு வயசான அம்மா, "உள்ளே வா கண்ணு" என்கிற மாதிரி 'லவ்' என்றார்கள். வருகிற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ளே நான் பாதி குணமாயிட்டேன்! (கைதட்டல்)

இந்த நாலு மணி டீயை வழக்கமாக்கியது யார்? 1840 வாக்கில் பெட்ஃபோர்டு டியூக்கின் மனைவி அன்னா சீமாட்டி என்று சொல்வார்கள். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு, நடுவிலே பசி, டீயும் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவரச் சொன்னார். நான் நடந்த ரஸ்ஸல் சதுக்கம், பெட்ஃபோர்டு சதுக்கம் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பெயர்தான். பிரபு வீட்டு வயிறு பசிச்சா அது பண்பாடு. மாணவன் வயிறு பசிச்சா அது ஊதாரித்தனமா, சகோதரி?

மூணு தட்டு அடுக்கு பார்த்திருப்பீங்க. கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக். அது பணக்காரங்க சமாச்சாரம். (நம்ம ஊரில் அதையே 'ஹை டீ' என்று அச்சடிக்கிறார்கள். அங்கே ஹை டீ என்பது உழைப்பாளி சாயங்காலம் வீடு திரும்பிச் சாப்பிட்ட சாப்பாடு!) எனக்குக் கட்டுபடியானது க்ரீம் டீ. ஒரு கூஜா டீ, ரெண்டு ஸ்கோன், ஜாம், கெட்டிக் க்ரீம். ஸ்கோன் என்பது நம்ம பன்னுக்கு ஒன்றுவிட்ட தம்பி. டெவன்காரர் முதலில் க்ரீம் தடவுவார். கார்ன்வால்காரர் முதலில் ஜாம் தடவுவார். அந்தப் பட்டிமன்றத்துக்கு இன்னும் தீர்ப்பு வரலை. (சிரிப்பு)

அப்போ ஒரு பவுண்டு ஏறக்குறைய 70 ரூபாய். எதைத் தொட்டாலும் மனசு எழுபதால் பெருக்கும். அப்படிப் பெருக்கினால் ரொட்டிகூடத் தொண்டையில் இறங்காது. அதனால் ஒரு முடிவு பண்ணினேன். சனிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் பெருக்கல் கிடையாது.

மத்த நேரமெல்லாம் கணக்குதான். தர்மக் கடையில் யாரோ கழற்றிக் கொடுத்த கோட்டு. பையில் பழைய பஸ் டிக்கெட்டு இருந்தது. கடை மூடுகிற நேரம் விலை குறைச்சு ஒட்டின ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை பெட்டிகோட் லேன் சந்தை. அங்கே வேடிக்கை பார்க்கக் காசில்லை, ஐயா. வியாபாரி கூவுறதைக் கேட்டாலே நம்ம ஊர்ச் சந்தை ஞாபகம் வரும்.

ஆனாலும் உறுத்தியது. போனில் அம்மாவிடம் பெருமையாச் சொன்னேன்: "வெளியே ஒண்ணும் சாப்பிடறதில்லேம்மா." பொய்! அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டாள்: "பின்னே எதுக்குடா வளையலை வெச்சு அனுப்பினேன்? ஒரு நல்ல டீகூடக் குடிக்காம, வெறும் காகிதத்தைப் படிச்சிட்டு வரவா?"

போன் கூண்டுக்குள்ளேயே அழுதேன். அப்புறம் உண்மையைச் சொன்னேன். ஸ்கோன்னா என்னன்னு அவளுக்குப் புரியவைக்கிறதுக்குள்ளே கார்டு தீர்ந்துபோச்சு.

திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு டப்பா டீத்தூள் வாங்கி வந்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள். வளையலை மீட்க 2003 ஆயிடுச்சு. அந்த டப்பாவில் இன்னைக்கும் எங்க வீட்டில் கடுகு இருக்குங்க.

மணி அடிச்சிட்டீங்களா, நடுவர் ஐயா?