தகடும் மின்பெட்டியும் பொருந்துமா?

(வானொலியில் உழவர்களுக்காக ஒலிபரப்பான உரை)



2017 நவம்பர் 30-ஆம் தேதியை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒக்கிப் புயல் வாழையையும் ரப்பரையும் சாய்த்ததோடு நிற்கவில்லை. மின்கம்பங்களையும் ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டது. பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் கிடையாது. செல்போனுக்குச் சார்ஜ் போட, ஜெனரேட்டர் எங்கே ஓடுகிறது என்று தேடி அலைந்தோம்.

இப்போது கையில் தூக்கிக்கொண்டு போகிற மின்பெட்டி கடைகளில் வந்திருக்கிறது. பவர் ஸ்டேஷன் என்று கேட்டால் தருவார்கள். உள்ளே லித்தியம் பேட்டரி, கூடவே இன்வெர்ட்டர். சோலார் தகட்டை மாட்டினால் வெயிலிலேயே சார்ஜ் ஏறும். நல்ல பொருள்தான். ஆனால் எந்தத் தகடும் எந்தப் பெட்டிக்கும் சேராது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

பூதப்பாண்டிப் பக்கம் ஒரு அண்ணாச்சி. வாழைத்தோப்புக் காவல் குடிசைக்கு என்று ஒரு சின்னப் பெட்டி வாங்கினார். தகட்டுக்குத் தனியாகக் காசு போடுவானேன் என்று, மச்சினன் வீட்டு மாடியில் மிச்சமாகக் கிடந்த பெரிய தகட்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். "சார், நட்ட நடு வெயிலு அடிக்கி, பெட்டியில ஒண்ணுமே ஏற மாட்டேங்கு" என்று என்னைக் கூப்பிட்டார். தகட்டின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். 45 வோல்ட். பெட்டியின் சோலார் துளை அருகே பொடி எழுத்தில் 12 முதல் 30 வோல்ட் என்று இருந்தது. உள்ளே சார்ஜ் ஏற்றுகிற பகுதி கருகிப்போயிருந்தது. இதற்கு வாரண்டி கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

வோல்ட், ஆம்பியர் என்றதும் மலைக்க வேண்டாம். கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். மடைப் பலகையை எவ்வளவு தண்ணீர் முட்டித் தள்ளுகிறதோ, அந்த அழுத்தம்தான் வோல்ட். மடை வழியே பாய்கிற தண்ணீர் ஆம்பியர். அழுத்தம் மிஞ்சினால் பலகை உடையும். ஆனால் கால்வாயில் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் உங்கள் மடை அகலத்துக்குத்தான் வயலுக்கு வரும். அதுபோல வோல்ட் வரம்பைத் தாண்டவே கூடாது. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பெரும்பாலான பெட்டிகள் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதையும் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தகட்டுச் சீட்டில் இரண்டு வோல்ட் கணக்கு இருக்கும். வேலை செய்யும்போது உள்ளது ஒன்று. எதிலும் மாட்டாமல் சும்மா வெயிலில் கிடக்கும்போது உள்ளது இன்னொன்று. மடக்குகிற 100 வாட் தகடுகளில் பெரும்பாலும் முதலாவது 18, இரண்டாவது 22 வாக்கில் இருக்கும். பெட்டியின் வரம்போடு ஒப்பிட வேண்டியது பெரிய எண்ணைத்தான். 30 வோல்ட் பெட்டி என்றால் 26, 27-க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். தகடு குளிர்ந்திருக்கும்போது வோல்ட் சற்று ஏறும். சந்தேகம் வந்தால், ஒயரிங் வேலை பார்க்கிறவரிடம் மல்டிமீட்டர் இருக்கும். மாட்டுவதற்கு முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிளஸ், மைனஸ் மாறாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். முனைகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதாலேயே துருவம் சரி என்று நம்பிவிடாதீர்கள்.

இரண்டு தகடு சேர்ப்பதானால், ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் கோத்தால் வோல்ட் கூடி 44 ஆகும். சின்னப் பெட்டி தாங்காது. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் வோல்ட் 22-லேயே நிற்கும், ஆம்பியர் இரண்டு மடங்காகும். நம் தேவைக்கு இதுதான் தோது. அதற்கு ஒரே மாதிரித் தகடுகளாக இருப்பது நல்லது.

சரி, எவ்வளவு கிடைக்கும்? 100 வாட் என்று எழுதியிருப்பது 25 டிகிரிச் சூட்டில் அளந்தது. நம் வெயிலில் தகடு 60 டிகிரி வரை காயும். 70, 75 வாட் வந்தாலே திருப்திப்படுங்கள். நல்ல வெயில் ஐந்து மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 350 வாட்-மணி. 500 வாட்-மணிப் பெட்டி நிறைய ஒன்றரை நாள் ஆகும். அந்தப் பெட்டியிலிருந்து இன்வெர்ட்டர் சேதாரம் போக 420 வாக்கில் கைக்கு வரும். 9 வாட் பல்பு இரண்டு ஐந்து மணி நேரம் 90, இரண்டு செல்போனுக்கு 30, 50 வாட் மேசை விசிறி ஆறு மணி நேரம் 300. ராத்திரி கழிந்தது, பெட்டியும் காலி. தினமும் இப்படி வேண்டுமென்றால் இரண்டு தகடு வேண்டும். பெட்டி 200 வாட் ஏற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் பெரிய எதிரி தென்னை நிழல். ஒரே ஒரு ஓலையின் நிழல் தகட்டின் மூலையில் விழுந்தாலும் வரத்து பாதிக்கும் கீழே போய்விடும். சில்லுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று முடங்கினால் மற்றதையும் இழுக்கும். ஆகவே தோப்புக்குள் விரிக்காமல் வரப்பிலோ களத்திலோ விரியுங்கள். குமரி முனை 8 டிகிரியில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல். அப்போது தகட்டைப் படுக்கையாக வைத்தாலே போதும். மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்; 30 டிகிரி தெற்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். தகடு வெயிலில், பெட்டி நிழலில். இதை மாற்றிவிடாதீர்கள், சூட்டில் பேட்டரியின் ஆயுசு குறையும்.

மோட்டார் ஓடுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 5 குதிரைச் சக்தி என்பது 3,700 வாட்டுக்கு மேல். கிளப்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். இந்தப் பெட்டிக்கு அது ஆகாது. சோலார் பம்ப்செட் வேறு சமாச்சாரம். அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானிய விவரம் கேளுங்கள்.

இன்னொன்று. பன்றி வராமலிருக்க, பெட்டியிலிருந்து கம்பி வேலிக்குக் கரண்ட் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. 230 வோல்ட்டுக்குப் பன்றி எது, விடியற்காலம் மடை திறக்கப் போகிற மனிதன் எது என்று தெரியாது. அது சட்டப்படியும் குற்றம்.

மழைக்காலத்தில் மூடாக்கு நாட்களில் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறாது. ஆகையால் ஐப்பசி பிறக்கும் முன்பே வீட்டுக் கரண்டில் பெட்டியை நிறைத்து வையுங்கள். பயன்படுத்தாத காலத்தில் பாதிச் சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பூதப்பாண்டி அண்ணாச்சி இப்போது வேறு பெட்டியும், அதற்குச் சேர்ந்த 22 வோல்ட் மடக்குத் தகடும் வைத்திருக்கிறார். பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் தலைவிளக்கைப் பகலில் அங்கே கொடுத்துச் சார்ஜ் போட்டுக்கொள்கிறார்கள். பழைய பெட்டியைப் பரணில் போட்டிருக்கிறார். கருகிய பேட்டரிப் பெட்டியை வீட்டுக்குள் வைக்காதீர்கள், மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.