துருவை எடுப்போம், ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவராதிருப்போம்

(தோட்ட இளைஞர், பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கவ்வாத்துக் கத்தியைத் துடைக்காமல் ஈரத்தோடு மூலையில் போட்டால் ஒரு வாரத்தில் அது என்ன நிறத்தில் கிடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்தத் துருவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். சிலர் இதைக் கறள் என்றும் சொல்வார்கள்.

நம்ம தோட்டத்துத் தம்பிமார் நாலு பேர் காசு சேர்த்து, ஸ்டோருக்குப் பின்னால் பல வருஷம் மழையில் கிடந்த பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வாங்கித் திருத்துகிறார்கள். நல்ல காரியம். ஓடத் தொடங்கினால் மரக்கறி ஏற்றலாம், ஹயருக்குப் போகலாம். ஆனால் போன மாதம் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். துருவைக் கரைக்க வாங்கிய பற்றரி அசிட்டில் மிச்சத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி, லயத்துக் காம்பராவில் அடுப்படி ஓரமாக வைத்துவிட்டார்கள். நாலு வயசுப் பிள்ளை சோடா என்று நினைத்து வாயில் வைத்துவிட்டது. அப்பாயி கண்டு தட்டிவிட்டதால் உதட்டோடும் நாக்கோடும் போயிற்று. பிள்ளை சுகமாகிவிட்டது. இன்னும் ஒரு மிடறு உள்ளே போயிருந்தால் நாம் இன்று வேறு காரியத்துக்காகக் கூடியிருப்போம்.

யார் அந்தப் போத்தலை வைத்தது என்று கேட்க நாங்கள் வரவில்லை. வேலை தொடங்கிய அன்றே சொல்ல வேண்டியதை நாங்களும் சொல்லாமல் விட்டோம். அதை இன்றைக்குச் சொல்கிறோம்.

துரு எப்படி வருகிறது? இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் துரு. நம்ம மலையில் மழைக்கும் பனிக்கும் குறைவேயில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்பளித்து எழும்புகிறது. பஞ்சு போல ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு மேலும் மேலும் தின்னும்.

லேண்ட் ரோவர் 1948 இல் வெளிவந்த வண்டி. யுத்தம் முடிந்த காலம், பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு. அதனால் மேல்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அவற்றில் செந்துரு பிடிக்காது. ஆனால் வண்டியைத் தாங்குகிற செஸி உருக்கு. தகடுகளைப் பெட்டி மாதிரி ஒட்டிச் செய்தது. ஓட்டை வழியே சேறு உள்ளே போய் ஈரத்தோடு தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது அசிட் அல்ல, சின்னச் சுத்தியல். செஸி நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு இருக்கிறது. தொப்பென்றால் சந்தேகம். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் எந்த மருந்தும் உதவாது. வெட்டி எடுத்துவிட்டு, வேலை தெரிந்தவரைக் கொண்டு புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். துருவை எடுக்கலாம், துரு தின்ற இரும்பைத் திருப்பி எடுக்க முடியாது. இதை மறக்கவே கூடாது.

பிரேக் பைப்பில் துரு குழி விழுத்தியிருந்தால் சுத்தம் பண்ணாதீர்கள், மாற்றுங்கள். ஸ்டியரிங் தண்டு, ஸ்பிரிங் தாங்கிகள், சில்லு நட் எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நம்ம பாதையில் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

சரி, சுத்தம் பண்ணக்கூடிய பாகங்களை என்ன செய்வது? சேற்றையும் கிரீஸையும் முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு கம்பி பிரஷ், எமரிக் கடதாசி. கிரைண்டரில் கம்பிச் சில்லு போட்டால் கம்பி தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் தொட வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், நனைத்துத் தேயுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பழைய பிரேக் டிரம்மில் உள்ள தூசியை ஊதவே கூடாது. அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

நட், போல்ட், கதவுப் பிணைச்சல் போன்ற சின்னச் சாமான்களுக்கு அசிட் தேவையில்லை. சமையல் வினாகிரியே போதும். பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி ஒரு இரவு ஊறப் போடுங்கள். காலையில் பிரஷ்ஷால் தேய்த்து, அப்பச்சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காய வையுங்கள். அன்றைக்கே எண்ணெயோ பிரைமரோ பூச வேண்டும். வெறும் இரும்பு ஈரத்தோடு இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பவும் துரு பிடிக்கும். அலுமினியம், நாகம் பூசிய சாமான்களை இதில் போட வேண்டாம், அவற்றையும் அரித்துவிடும்.

இன்னொரு விஷயம், நமக்குச் சொந்தமானது. கொழுந்துச் சாறு இரும்பில் பட்டால் கறுக்கும் என்று கவ்வாத்துக்காரருக்குத் தெரியும். கொழுந்தில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்துதான் அப்படிக் கறுக்கிறது. துருவின்மேல் பூசினால் அதைக் கறுப்பாக மாற்றும் திரவம் கடையில் விற்கிறார்கள். அதில் ஒரு வகை ‘டனிக் அசிட்’ என்ற துவர்ப்புப் பொருளால் வேலை செய்வது. பிரஷ் போக முடியாத மூலைகளுக்கு நல்லது. அதற்காகத் தேத்தண்ணியை ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள், அந்த அளவுக்கு அது காணாது. திரவம் பூசினாலும் மேலே பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும்.

இப்போது தாய்மார்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். அசிட் எதுவானாலும் லயத்துக்குள் வரக்கூடாது. வாங்கிய போத்தலிலேயே, பெயரோடு, வேலை செய்யும் இடத்தில் பூட்டி வையுங்கள். குடிக்கிற போத்தலில் ஒருநாளும் ஊற்றாதீர்கள். அசிட்டையும் குளோரினையும் கலந்தால் நச்சுப் புகை வரும். அசிட் பட்ட சாமானைப் பீலியில் கழுவ வேண்டாம், அது எல்லோரும் குளிக்கிற தண்ணீர். பெற்றோல் தாங்கி காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். துருவுக்காக அதில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும்.

தவறி அசிட் வாயில் போனால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியெல்லாம் திரும்ப வெந்துவிடும். உப்புத் தண்ணியும் கொடுக்க வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வைத்து, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவுங்கள், பிறகு ஆஸ்பத்திரி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இந்த இலக்கத்தைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

தம்பிமாரே, உங்கள் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. தோட்டத்துக்கு வெளியே போகாமலே ஒரு தொழில் கற்கிறீர்கள், அது எங்களுக்கும் பெருமை. வண்டி முதல் ஓட்டம் போகிற அன்றைக்கு நாங்களும் பின்னால் ஏறி வருகிறோம். அதற்கு முன்னால் கழற்றிப் போட்ட பழைய பிரேக் பைப்பை எங்களுக்குக் காட்ட வேண்டும்.